சுண்ணாம்புத் தண்ணீர்

ஃபிராங்க்ஃபர்ட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அந்த வாடை என்னைப் பிடித்துக்கொண்டது. கென்டக்கி மாநிலத்தின் தலைநகரம் என்று பேர். ஆனால் சின்ன ஊர். கென்டக்கி ஆறு வளைந்து போகும் பள்ளத்துக்குள் பழைய ஊர் முழுக்க அடங்கிவிடும். அரசு அலுவலகம் ஒன்றில் எனக்கு ஒப்பந்தக் கணினி வேலை, வீடு லூயிவில்லில். காலை ஆறரைக்குக் கிளம்பி ஒரு மணி நேரம் ஓட்டி வந்து, வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தால் சில நாள் காற்றில் புளித்த மாவு மணக்கும். அதற்கடியில் வெந்த மக்காச்சோளம். அதற்கும் அடியில் ஓர் இனிப்பு. அது எனக்குத் தெரிந்த இனிப்பு, ஆனால் பேர் நினைவுக்கு வராது. கதவைப் பிடித்தபடி நின்று இரண்டு முறை மூச்சை இழுத்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

பக்கத்து மேசைக்காரருக்கு ஓய்வுபெற இரண்டு வருஷம் பாக்கி. அவரிடம் கேட்டேன். ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். ஆற்றோரம் பஃபலோ ட்ரேஸ் வடிசாலை இருக்கிறது, தானியம் வேகவைக்கிறார்கள், காற்று நம் பக்கம் திரும்பினால் இப்படித்தான் என்றார். அவருடைய அப்பாவும் சித்தப்பாவும் கிடங்குகளில் பீப்பாய் உருட்டியவர்கள். தினமும் போக ஒரு மணி, வர ஒரு மணி நான் காரில் இருக்கிறேன் என்று தெரிந்ததும், ஒரு துண்டுச்சீட்டில் பாட்காஸ்ட் ஒன்றின் பேரை எழுதிக் கொடுத்தார். “விஸ்கி நன்றாகத் தெரிந்த ஆள். பர்பனைப் பற்றிப் பேசுகிறார். குடிக்கச் சொல்லமாட்டார், கேட்டுப் பார்” என்றார். பர்பன் என்பது அமெரிக்காவின் மக்காச்சோள விஸ்கி.

குடிக்கச் சொல்லமாட்டார் என்று அவர் சேர்த்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நான் குடிப்பதில்லை என்று அவருக்குத் தெரியும். என் சின்ன மாமா குடித்தே 41 வயதில் போனவர். மாமாவைத் தூக்கிக்கொண்டு போன அன்று அத்தை அழவேயில்லை, திண்ணையில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு விஸ்கியைப் பற்றி ஒருவர் ஆசையாகப் பேசுவதைக் கேட்க மனம் வரவில்லை. சீட்டு இரண்டு வாரம் சட்டைப் பையிலிருந்து சட்டைப் பைக்கு மாறிக்கொண்டே இருந்தது.

2018 அக்டோபரில் ஒரு காலை. ஷெல்பிவில் தாண்டியதும் மூடுபனி, முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. தூக்கம் கண்ணைச் சுழற்றியது. ஏதாவது ஒரு குரல் வேண்டியிருந்தது. போட்டேன்.

கென்டக்கிக்காரர்களுக்கே உரிய இழுவைக் குரல். எழுபதை நெருங்கியவராக இருக்க வேண்டும். கேள்வி கேட்கும் இளைஞர் படபடவென்று பேசினார்; இவர் ஒவ்வொரு கேள்விக்கும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு பதில் சொன்னார். எடுத்த எடுப்பில் ருசியைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன். சட்டத்தைப் பற்றிப் பேசினார். பர்பன் என்று ஒட்டுச்சீட்டில் போட வேண்டுமானால் தானியத்தில் நூற்றுக்கு 51 பங்காவது மக்காச்சோளம் இருக்க வேண்டும். உள்ளே கரி பிடிக்கச் சுட்ட புது ஓக் மரக் கலத்தில்தான் ஊற வேண்டும். வடிக்கும்போது சாராயச் சத்து 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பீப்பாய்க்குள் போகும்போது 62.5-ஐத் தாண்டக் கூடாது. பாட்டிலில் 40-க்குக் குறையக் கூடாது. தண்ணீரைத் தவிர நிறமோ மணமோ எதையும் சேர்க்கக் கூடாது. அமெரிக்காவுக்குள் எங்கே வேண்டுமானாலும் வடிக்கலாம், கென்டக்கியில்தான் என்றில்லை. ஆனால் அமெரிக்காவுக்கு வெளியே வடித்தால் அது பர்பன் கிடையாது. 1964-ல் அமெரிக்க நாடாளுமன்றம் அதை நாட்டின் தனிப் பண்டம் என்று தீர்மானமே போட்டது.

“சேர்க்கக் கூடாது” என்ற இடத்தில் அவர் குரல் அழுத்தியது. அந்த அழுத்தத்துக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் பச்சைச் சாராயத்தை வாங்கி, உலர்பழச் சாற்றையும் புகையிலைச் சாற்றையும் கலந்து, பழைய விஸ்கியின் நிறத்தைக் கொண்டுவந்து விற்றவர்கள் ஏராளம். குடித்தவர்கள் வயிறு வெந்தது. நேர்மையாக வடித்தவர்கள் வியாபாரம் படுத்தது. 1897-ல் ஒரு சட்டம் வந்தது: ஒரே வடிசாலை, ஒரே பருவத்தில் வடித்தது, அரசாங்கக் காவலில் இருக்கும் கிடங்கில் குறைந்தது நான்கு வருஷம், சரியாக 50 சதவீதச் சத்து. அப்படி இருந்தால் அரசாங்க முத்திரை. உணவுக் கலப்படத்தைத் தடுக்க அமெரிக்காவில் பொதுச்சட்டம் வந்தது 1906-ல். விஸ்கிக்கு ஒன்பது வருஷம் முன்பே வந்துவிட்டது.

அம்மா ஞாபகம் வந்தாள். சீனி கலந்த கருப்பட்டியைத் தொட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவாள். கடையில் எடுத்து விரலால் சுண்டிப் பார்த்து, “இதுல பனை எங்க இருக்கு?” என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டு வந்துவிடுவாள். அந்த மனிதரின் குரலில் அதே கோபம் இருந்தது. அந்தக் கோபத்துக்காகவே அடுத்த பகுதியையும் கேட்டேன்.

நாலாவதோ ஐந்தாவதோ பகுதியில் தண்ணீருக்கு வந்தார். கென்டக்கியின் நடுப்பகுதி முழுவதும் சுண்ணாம்புக்கல் பாறைமேல் இருக்கிறது. மழைத் தண்ணீர் அந்தப் பாறைக்குள் ஊறி இறங்கி ஊற்றாக வெளிவரும்போது இரும்பு கழிந்துபோகிறது, கால்சியம் ஏறிக்கொள்கிறது. இரும்பு இருந்தால் விஸ்கி கறுத்துப்போகும், ருசியும் கெடும். கால்சியம் ஈஸ்டுக்கு நல்லது. இதே தண்ணீரைக் குடித்து இந்தப் புல்லை மேய்வதால்தான் இங்கத்துக் குதிரைகளுக்கு எலும்பு உறுதி என்று ஊர்க்காரர்கள் சொல்வதையும் சேர்த்துச் சொன்னார்.

அவர் லைம்ஸ்டோன் என்றார். என் காதில் சுண்ணாம்பு என்று விழுந்தது.

என் தாத்தா உடன்குடிப் பக்கம் பனையேறி. முப்பது நாற்பது மரம் குத்தகைக்கு எடுத்து ஏறுவார். பங்குனி பிறந்துவிட்டால் ஆடி வரைக்கும் அவர் காலையில் வீட்டில் இருந்து நான் பார்த்ததில்லை. இருட்டு பிரியும் முன்னே முருக்குத்தடியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். இடுப்பில் அரிவாள்பெட்டி. அதற்குள் பாளை சீவும் அரிவாள், ஒரு ஓரத்தில் சின்ன மூங்கில் குழாயில் நீற்றிய கிளிஞ்சல் சுண்ணாம்பு. மரத்துக்கு மேலே பாளையில் கட்டிய கலயத்தை எடுத்து, பதனியை ஊற்றிக்கொண்டு, வெறுங்கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பைத் தடவிவிட்டுத் திரும்பக் கட்டுவார். பள்ளிக்கூடம் லீவு நாளில் நான் மரத்தடியில் நிற்பேன். இறங்கி வந்ததும் பனையோலையை மடித்துப் பட்டை பிடித்து ஊற்றித் தருவார். அவருடைய வலது கை நடுவிரல் நுனி எப்போதும் வெளுத்து, தோல் உரிந்து, சொரசொரவென்று இருக்கும். அந்த விரல்தான் கலயத்துக்குள் போகும் விரல். ஆடி முடிந்து ஆறேழு மாதம் மரம் ஏறாத காலத்திலும் அந்த விரல் மட்டும் வெள்ளையாகவே இருந்தது.

சுண்ணாம்பு தடவாவிட்டால் காலையில் கலயத்தில் இருப்பது கள். தடவினால் பதனி. அவ்வளவுதான் வித்தியாசம், ஒரு விரல் சுண்ணாம்பு. சுண்ணாம்பு இருக்கும் கலயத்தில் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களால் பிழைக்க முடியாது. தாத்தா கள் இறக்கியதில்லை. சுண்ணாம்பு தடவுவதை அவர் சாமி காரியம் போல்தான் செய்வார்.

ஆக எங்கள் ஊரில் சுண்ணாம்பு புளிப்பைத் தடுத்தது. இங்கே இவர் சுண்ணாம்புத் தண்ணீர் புளிப்புக்கு உதவுகிறது என்கிறார். இது எப்படி? அன்று முழுக்க இது மண்டையைக் குடைந்தது. அலுவலகத்தில் ஒரு கூட்டத்தில் என்னிடம் ஏதோ கேட்டார்கள், நான் கலயத்துக்குள் இருந்தேன்.

விடை அடுத்த பகுதியில் இருந்தது. வடிசாலைக்காரர்கள் ஒவ்வொரு முறையும் வடித்து முடித்த பிறகு அடியில் நிற்கும் புளித்த கழிநீரில் ஒரு பங்கை எடுத்து அடுத்த மாவில் ஊற்றுகிறார்கள். சவர் மேஷ் என்று அதற்குப் பேர். கேட்டதும், ஆஹா, இது நம் உறைமோர் என்று ஸ்டியரிங்கில் தட்டினேன். இல்லை என்று அவர் உடனே சொன்னார், என் குரல் அவருக்குக் கேட்டது போல. ரொட்டிக்குப் பழைய மாவை எடுத்து வைப்பது மாதிரி என்று பலரும் நினைக்கிறார்கள், இது அது கிடையாது. கழிநீர் கொதித்து வந்தது, அதில் ஈஸ்ட் எல்லாம் செத்துப்போயிருக்கும், அது கொண்டுவருவது புளிப்பை மட்டும்தான் என்றார். சுண்ணாம்புத் தண்ணீருக்குக் காரத்தன்மை இருக்கிறது. அதை அப்படியே விட்டால் ஈஸ்டுக்கு ஒத்துவராது, வேண்டாத பாக்டீரியா நுழையும். கழிநீரின் புளிப்பு அந்தக் காரத்தை அமுக்கி, ஈஸ்ட் மட்டும் செழிக்கும் பக்குவத்துக்கு மாவைக் கொண்டுவருகிறது. கண்ணளவும் கையளவுமாக நடந்துவந்த இந்த வேலையை அளந்து, சோதித்து, முறைப்படுத்தியவர் என்று 19-ஆம் நூற்றாண்டில் கென்டக்கிக்கு வந்த ஜேம்ஸ் க்ரோ என்ற ஸ்காட்லாந்துக்காரரைச் சொல்வார்கள். அவர் வேதியியல் படித்தவர்.

ஆக இரண்டு இடத்திலும் சுண்ணாம்பு ஒரே வேலையைத்தான் செய்கிறது. எங்கள் கலயத்தில் அதை முழுசாக வேலை செய்ய விட்டோம். இங்கே அதைப் புளிப்பைக் கொண்டு அடக்குகிறார்கள். நாற்பது வருஷமாகத் தாத்தாவின் விரலில் இருந்த விஷயம், என் மரமண்டைக்கு என்றில்லை, ஊரில் யாருக்குமே யாரும் இப்படி எடுத்துச் சொன்னதில்லை. முன்பின் தெரியாத ஒரு கென்டக்கிக்காரர் வேறொரு பானத்தைப் பற்றிப் பேசி எனக்கு அதைப் புரியவைத்தார்.

அன்று ராத்திரி அம்மாவைக் கூப்பிட்டேன். ஊரில் அப்போது காலை. சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னேன்.

“ஏல, சாராயத்தப் பத்தி ஒருத்தன் பேசுதான்னா அத நீ எதுக்குக் கேக்க? ஒங்க மாமன் போனது போதாதா?”

“குடிக்கதப் பத்தி இல்லம்மா. தண்ணியப் பத்திப் பேசுதாரு. தாத்தா கலயத்துக்கு எவ்வளவு சுண்ணாம்பு தடவுவாவ?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் கோழி கொக்கரிப்பது கேட்டது.

“அதுக்குக் கணக்கா இருந்துச்சு? வெரல்தான் கணக்கு. வெக்க கூடுன நாளுன்னா ஒரு இழுப்பு கூடத் தடவணும். கூடிப்போச்சுன்னா கருப்பட்டி கசக்கும். கொறஞ்சுதுன்னா பாகு கட்டிக் குடுக்காது, எங்கம்மா சத்தம் போடுவா.” பிறகு தானாகவே பேச ஆரம்பித்தாள். விடிலிக் குடிசைக்குள் பாட்டி பதனி காய்ச்சியது, பொங்கி வழியாமலிருக்க ஆமணக்கு விதையை நுணுக்கிப் போட்டது, கூப்பனிப் பதத்தில் தனக்கு ஒரு சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தது. ஒரு மணி நேரம். மாமா போன பிறகு அம்மா தன் பிறந்த வீட்டைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியதில்லை.

அதன் பிறகு காலை வண்டி ஓட்டுவது எனக்கு வேறு காரியமாகிவிட்டது. பீப்பாயைப் பற்றி மட்டும் அவர் மூன்று பகுதி பேசினார். வெள்ளை ஓக் மரம், சுமார் 200 லிட்டர் பிடிக்கும் பீப்பாய், ஆணியும் கிடையாது பசையும் கிடையாது, பலகைகளைப் பிடித்து நிறுத்துவது இரும்பு வளையங்கள் மட்டும். தலைப்பலகை போடுவதற்கு முன்னே அடியிலிருந்து நெருப்பை ஊதுகிறார்கள். அதிகமாகச் சுடுவது நாலாம் நம்பர் கரி, ஏறக்குறைய 55 விநாடி. அதற்குள் பலகையின் உள்முகம் முதலைத் தோல் மாதிரி வெடித்துவிடும். அந்தக் கரிக்குப் பின்னால், பலகையின் சதைக்குள்தான் விஷயம் இருக்கிறது என்றார். சூட்டில் மரத்தின் லிக்னின் உடைந்து வனிலா மணம் தரும் வனிலின் பிறக்கிறது. மரத்துக்குள் இருக்கும் சர்க்கரைகள் பாகு காய்ச்சிய மாதிரி பழுப்பேறுகின்றன. ஓக் மரத்தின் லாக்டோன் என்ற பொருள் தேங்காய் மணம் கொடுக்கிறது. கோடையில் விஸ்கி விரிந்து பலகைக்குள் புகுகிறது, பனிக்காலத்தில் சுருங்கித் திரும்புகிறது. போகும்போதும் வரும்போதும் இதையெல்லாம் எடுத்துக்கொண்டு வருகிறது. வருஷத்துக்கு நூற்றில் மூன்று நான்கு பங்கு காற்றோடு போய்விடும். அதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். கிடங்கின் மேல்மாடி வெக்கையில் சாராயத்தைவிடத் தண்ணீர் வேகமாக ஆவியாவதால், ஊற ஊறச் சத்து கூடும். ஸ்காட்லாந்தின் குளிரில் இதற்கு நேர்மாறு, அங்கே குறையும். பெங்களூரில் அம்ருத் வடிசாலைக்காரர்கள் வருஷத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்குமேல் தேவதைகளுக்கு விடுகிறார்கள். அவர்கள் வாங்கும் பீப்பாய்களில் பல, கென்டக்கியில் பர்பன் ஊறிக் காலியானவை. பர்பனுக்குப் புதுப் பீப்பாய்தான் வேண்டும் என்பதால் பழையது உலகம் சுற்றப் போய்விடுகிறது.

எனக்கு அவர்மேல் மரியாதை கூடிப்போனது பர்பனைக் கண்டுபிடித்தது யார் என்ற கேள்வியில். கென்டக்கியில் எந்தக் கடையிலும் பதில் தயாராக இருக்கும்: எலைஜா க்ரெய்க் என்ற பாப்டிஸ்ட் பாதிரியார், 1789-ல், தீப்பிடித்துக் கரிந்த பீப்பாயை வீணாக்க மனமில்லாமல் சாராயத்தை ஊற்றி வைத்தார் என்று. அவர் பேரில் பாட்டிலே இருக்கிறது. இவர் மறுத்தார். க்ரெய்க் இருந்தார், வடித்தார், 1808-ல் செத்தார், ஆனால் அவர்தான் கண்டுபிடித்தார் என்ற பேச்சு எழுத்தில் வருவது அவர் செத்துப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு என்றார். அதற்குப் பதில் ஒரு கடிதத்தைப் பற்றிச் சொன்னார். 1826-ல் லெக்சிங்டன் மளிகை வியாபாரி ஒருவர், பர்பன் கவுண்டியில் வடித்துக்கொண்டிருந்த ஜான் கார்லிஸ் என்பவருக்கு எழுதியது. சரக்கு வேண்டும், பீப்பாயின் உள்ளே கொஞ்சம் எரித்துவிட்டு ஊற்றினால் ருசி நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டேன் என்று வியாபாரி எழுதுகிறார். எத்தனை பேர் கைபட்டு, எத்தனை முறை கெட்டு, அந்தச் செய்தி ஒரு மளிகைக்கடைக்காரர் காதுக்கு வந்திருக்கும்! ஒரு பாதிரியார் ஒரு நாளில் கண்டுபிடித்தார் என்பதைவிட இதுதான் எனக்கு நம்பும்படி இருக்கிறது. பதனிக்குச் சுண்ணாம்பு தடவ முதலில் தெரிந்துகொண்டவர் யார் என்று எங்கள் ஊரிலும் பேர் கிடையாது.

பேர் இல்லாதவர்களைப் பற்றி அவர் தனியாகவும் ஒரு நாள் பேசினார். பழைய வடிசாலைகளில் நெருப்பு மூட்டியவர்கள், மாவு கிளறியவர்கள், பல இடங்களில் வடித்தவர்களுமே அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மனிதர்கள். டென்னஸியில் சிறுவனான ஜாக் டேனியலுக்கு வடிக்கக் கற்றுக்கொடுத்த நியரஸ்ட் க்ரீன் அப்படி அடிமையாக இருந்தவர். அந்த நிறுவனம் இதை வெளிப்படையாகக் கொண்டாடத் தொடங்கியது 2016-ல். ‘நமக்குத் தெரிந்த பேர் இது ஒன்று’ என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினார்.

இன்னொரு நாள் அவர் குரலே நின்றுபோனது. பார்ட்ஸ்டவுனில் ஹெவன் ஹில் வடிசாலை எரிந்த கதை. 1996 நவம்பர் 7. பலத்த காற்று. ஏழு கிடங்குகள், ஏறக்குறைய 90,000 பீப்பாய். எரியும் விஸ்கி சரிவில் ஆறாக ஓடியது. அன்று ராத்திரி மைல்கணக்கில் தள்ளி நின்று பார்த்தவர்களில் அவரும் ஒருவர். ஒரு ஆள்கூடச் சாகவில்லை என்று சொன்னார். பிறகு ஒன்றும் பேசவில்லை. ஒலி அறுந்துவிட்டதோ என்று நான் போனைப் பார்த்தேன். அப்புறம், “போட்டிக் கம்பெனிக்காரர்கள் தங்கள் வடிகலத்தை விட்டுக்கொடுத்தார்கள். அவர்களுக்காக வடித்துத் தந்தார்கள். இந்த ஊர் அப்படிப்பட்ட ஊர்” என்றார். நான் ஃபிராங்க்ஃபர்ட் பிரிவில் திரும்பாமல் அடுத்த பிரிவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

மோந்து பார்ப்பதற்கு அவர் ஒரு பாடம் நடத்தினார். மூக்கைக் குவளைக்குள் நுழைக்காதே, சாராய நெடி அடித்து மூக்கு மரத்துவிடும். வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு, தள்ளி வைத்து மெதுவாக இழு. முதலில் தோன்றும் சொல்லைச் சொல்லிவிடு, சரியா தப்பா என்று யோசிக்காதே. அவர் சொல்லும் மணங்களெல்லாம் அவருடைய பாட்டி வீட்டிலிருந்து வந்தன: இரும்புச் சட்டியில் சுட்ட சோள ரொட்டி, செர்ரிப் பழப் பலகாரம், புகையிலை உலர்த்தும் கொட்டகை, குதிரைச் சேணத்தின் தோல். கேள்வி கேட்ட இளைஞர், எனக்குச் சேணத்தின் மணம் தெரியாதே என்றார். “அப்படியானால் உனக்குத் தெரிந்ததைச் சொல். உன் மூக்கு உன் வீட்டில் வளர்ந்தது” என்றார் அவர். தொழில் தெரிந்தவர்களில் பலர் தங்கள் சொற்களை மற்றவர்மேல் திணிப்பார்கள். இவர் திணிக்கவில்லை.

2019 மே மாதம் ஒரு சனிக்கிழமை பக்கத்து மேசைக்காரர் என்னை ஒரு வடிசாலைக்குக் கூட்டிப்போனார். கிடங்குகளின் செங்கல் சுவர், பக்கத்து மரங்கள், வேலிக்கம்பு எல்லாம் கரி பூசியது போல் கறுப்பு. புகை என்று நினைத்தேன். காற்றில் கலக்கும் சாராய ஆவியைத் தின்று வளரும் பூஞ்சை அது. தானியம் வேகும் கூடத்துக்குள் நுழைந்தோம். மக்காச்சோளத்தைக் கொதிக்கவிட்டு, சூடு தணிந்ததும் முளைகட்டிய பார்லியைக் கொட்டுகிறார்கள். முளையில் இருக்கும் நொதி, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிறது. கஞ்சியாக இருந்தது கண்முன்னே நீர்த்துப்போய், ஆவியில் ஓர் இனிப்பு ஏறி வந்தது.

விடிலி. வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு இத்தனை மாதம் நான் பேர் தேடிய மணம். பதனி கொதித்து, நுரை அடங்கி, பாகாவதற்கு அரை மணி நேரம் முன்னால் விடிலிக்குள் நிற்கும் ஆவியின் மணம். நான் சுவரில் கை ஊன்றிக்கொண்டேன். நண்பர் கண்டார், ஒன்றும் கேட்கவில்லை.

கடைசியில் வழிகாட்டிப் பெண் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் இரண்டு சொட்டு வடித்த பச்சைச் சாராயத்தை விட்டாள். தண்ணீர் மாதிரி நிறமில்லாதது, இங்கே அதை வெள்ளை நாய் என்பார்கள். கையைத் தேய்க்கச் சொன்னாள். தேய்த்து முகத்தருகே கொண்டுபோனதும் முதலில் வந்தது மாமா. அவர் சட்டை, அவர் மூச்சு, நடுராத்திரியில் கதவு தட்டும் சத்தம் எல்லாம் அந்த ஒரு நெடியில் இருந்தன. கையை உதறிவிடத் தோன்றியது. அந்தப் பெரியவரின் குரல் நினைவுக்கு வந்தது: தள்ளி வை, வாயைத் திற, மெதுவாக. மறுபடி தேய்த்தேன். நெடி பறந்துவிட்டது. உள்ளங்கையில் மிஞ்சியது சுட்ட சோளக்கதிரின் வாசனை, திருச்செந்தூர்க் கடற்கரையில் தள்ளுவண்டிக்காரர் கரி அடுப்பில் வாட்டிக் கொடுப்பாரே, அது. மாமா தோளில் உட்கார்ந்து தின்றிருக்கிறேன். வண்டியில் திரும்பி வரும்போது கையைக் கழுவவில்லை.

ஆகஸ்டில் லூயிவில்லுக்கு வந்த சொந்தக்காரப் பெண்ணின் பெட்டியில் அம்மா பத்துக் கருப்பட்டி கொடுத்துவிட்டிருந்தாள், ஓலைக் கொட்டானில் கட்டி. ஒன்றை அலுவலகத்துக்கு எடுத்துப்போய் நண்பர் மேசைமேல் வைத்தேன். சிரட்டையில் ஊற்றி எடுத்த அரையுருண்டை, அடியில் சிரட்டையின் கண் பதிந்திருந்தது. என்னவென்று அவர் கேட்கவில்லை. பேனாக்கத்தியால் ஒரு துண்டு பெயர்த்து, நெஞ்சுயரத்தில் பிடித்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு மோந்தார்.

“புகை” என்றார். “பிறகு காபி. கொஞ்சம் உப்பு. பக்கத்தில் கடல் இருக்கிறதா?”

இருக்கிறது என்றேன்.

துண்டை நாக்கில் வைத்து, கண்ணை மூடி, கரையும்வரை காத்திருந்தார். “எத்தனை வருஷம் ஊறியது?”

“காலையில் மரத்திலிருந்து இறக்கினால் மத்தியானத்துக்குள் காய்ச்சிவிட வேண்டும். சாயங்காலம் வரைக்கும் தாங்காது.”

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு கத்தியைத் துடைத்து, இன்னொரு துண்டு பெயர்த்து என் பக்கம் நீட்டினார்.